பதினைந்து டிகிரியில் திணறும் லோரி

(ஈப்போவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



"கடுங்குளிரில் பழைய டீசல் லோரியைக் கிளப்புவது எப்படி?" என்ற தலைப்பை அழைப்பிதழில் பார்த்துச் சிலர் சிரித்திருப்பீர்கள். ஈப்போவில் ஏது குளிர்? விடியற்காலை 23 டிகிரிக்கு இறங்கினாலே போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்கிற ஊர் நம்முடையது. ஆனால் இங்கிருந்து தெற்கே போய், சிம்பாங் பூலாயில் இடப்பக்கம் திரும்பி கேமரன் மலை ஏறிப் பாருங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் கம்போங் ராஜா வந்துவிடும். அங்கேயும், அதைத் தாண்டி பிரிஞ்சாங், தானா ராத்தா பக்கமும் விடியற்காலையில் 15 டிகிரி என்பது சாதாரணம். 1978 பிப்ரவரி 1ஆம் தேதி கேமரன் மலையில் 7.8 டிகிரி பதிவானது. மலேசியாவிலேயே பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை அதுதான்.

கேமரன் மலை வரைபடத்தில் பகாங்குக்குச் சொந்தம். ஆனால் பழைய தாப்பா பாதையும் புதிய சிம்பாங் பூலாய் பாதையும் மலையேறத் தொடங்குவது நம் பேராக்கிலிருந்து. 1929இல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யப் போன நம்மவர்கள் ஏறிய வழி தாப்பா வழி. இன்றைக்கு ஈப்போ சந்தைக்கு வரும் முட்டைக்கோசும் தக்காளியும் இந்தப் பாதைகளில்தான் இறங்குகின்றன. மேலே காய்கறித் தோட்டங்களில் நாற்பது, ஐம்பது வயதான லேண்ட் ரோவர்கள் இன்னும் உழைக்கின்றன. பழைய லேண்ட் ரோவர்களுக்குப் பேர் போன இடம் அது. ஆகவே குளிரில் கிளம்ப மறுக்கும் டீசல் வண்டி என்பது நமக்கு வெளிநாட்டுச் செய்தி அல்ல, பக்கத்து வீட்டுச் செய்தி.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சைபீரியாவின் யாக்கூத்தியாவில் உறைபனிக்குக் கீழே 50 டிகிரியில் லோரி ஓடுகிறது. நம் மலையில் 15 டிகிரியில் லோரி கிளம்பவில்லை. இதற்குக் குளிரை மட்டும் குற்றம் சொல்ல முடியுமா? என் கட்சி என்னவென்றால், நம் ஊரில் குளிர் காட்டிக்கொடுக்கும் சாட்சி மட்டுமே. குற்றவாளி லோரியின் உள்ளே இருக்கிறான். அவனைத் தேடத்தான் இந்த ஒரு மணி நேரம்.

டீசல் இஞ்சின் எப்படிப் பற்றுகிறது என்பதிலிருந்து தொடங்குவோம். ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மன் பொறியாளர் 1897இல் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக்காட்டிய இஞ்சினில் தீப்பொறி கிடையாது. பெட்ரோல் இஞ்சினில் இருப்பது போன்ற ஸ்பார்க் பிளக் இதில் இல்லை. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுகிறதே, அதே சங்கதிதான். காற்றை வேகமாக நெருக்கினால் சூடேறும். சிலிண்டருக்குள் வந்த காற்றை பிஸ்டன் இருபதில் ஒரு பங்காக நெருக்குகிறது. பழுக்கக் காய்ந்த அந்தக் காற்றில் இன்ஜெக்டர் டீசலைத் தூவுகிறது. டீசல் தானாகவே பற்றிக்கொள்கிறது. ஆக, டீசல் இஞ்சினுக்குத் தீப்பெட்டி என்பது அது தானே உண்டாக்கிக்கொள்ளும் சூடுதான்.

அந்தச் சூடு எவ்வளவு? நான் போட்ட கணக்கைத் தருகிறேன். வெளிக்காற்று 15 டிகிரி, நெருக்கம் இருபதுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வோம். காற்றும் கசியாமல் சூடும் கசியாமல் ஓர் இஞ்சின் இருக்குமானால் உள்ளே ஏறக்குறைய 680 டிகிரி வரும். அப்படி ஓர் இஞ்சின் உலகத்தில் இல்லை. கிளப்பும்போது குளிர்ந்த இரும்புச் சுவர் சூட்டைக் குடித்துவிடும். ரிங் வழியாகக் கொஞ்சம் காற்று நழுவும். நல்ல நிலையில் உள்ள இஞ்சினில் சுமார் 430 டிகிரி மிஞ்சும். ரிங் தேய்ந்து, வால்வு சரியாக அமராத, செல்ஃப் மோட்டார் மெதுவாகச் சுற்றுகிற இஞ்சினில் அது 250 டிகிரிக்கு இறங்கிவிடும். டீசல் 210 டிகிரிவாக்கில் தானே பற்றக்கூடியது என்று புத்தகம் சொல்லும். ஆனால் அது நிதானமாகக் காத்திருந்து பற்றுகிற கணக்கு. இஞ்சினுக்குள் கண் இமைக்கும் நேரம்கூடக் கிடைக்காது. அந்த அவசரத்தில் பற்ற வேண்டுமானால் அதைவிட மிகுந்த சூடு வேண்டும்.

இப்போது இன்னொன்றைக் கவனியுங்கள். அந்த நல்ல இஞ்சினையே 15 டிகிரியிலிருந்து உறைபனிக்குக் கீழே 10 டிகிரிக்குக் கொண்டுபோவோம். உள்ளே வரும் சூடு 430லிருந்து சுமார் 370க்கு இறங்குகிறது. இழப்பு 60 டிகிரி. வெளிக்காற்று அப்படியே இருக்க, இஞ்சின் மட்டும் தேய்ந்தால் இழப்பு 180 டிகிரி. அதாவது, தேய்மானம் செய்கிற கெடுதல் 25 டிகிரிக் குளிர் செய்கிற கெடுதலைப் போல் மூன்று மடங்கு. ஈப்போவின் 30 டிகிரிப் பகலில் அதே தேய்ந்த இஞ்சினுக்கு 280 டிகிரிவரை கிடைக்கிறது, இருமிக்கொண்டாவது கிளம்பிவிடுகிறது. அதை மலைக்குக் கொண்டுபோய் ஓர் இரவு நிறுத்தினால் காலையில் சாயம் வெளுத்துவிடுகிறது. "கீழே நல்லாத்தான் ஓடிச்சு" என்று ஓட்டுநர் சொல்வதும் உண்மை, வண்டி கெட்டிருப்பதும் உண்மை.

சூடு போகிற வழிகளில் தேய்மானம் ஒன்று. இன்னும் மூன்று வழிகள் உண்டு.

முதலாவது எண்ணெய். வெக்கையான தோட்டங்களில் ஓடிய லோரிகளுக்கு 40 எண் ஒற்றைத்தர எண்ணெய் ஊற்றுவது வழக்கமாக இருந்தது. தாழ்நிலத்துக்கு அது பொருத்தமானதுதான். மலையில் இரவு முழுக்க நின்றால் அந்த எண்ணெய் இறுகி, பிஸ்டனையும் கிராங்கையும் பிடித்துக்கொள்ளும். நிமிடத்துக்கு நூறு, நூற்றைம்பது சுற்றாவது சுற்றினால்தான் டீசல் இஞ்சின் பற்றும். சுற்று மெதுவானால் காற்று நழுவ நேரம் கூடும், சூடு குறையும். 15டபிள்யூ-40 போன்ற பலதர எண்ணெய்க்கு மாறினால் இந்தத் தொல்லை பாதி தீர்ந்துவிடும்.

இரண்டாவது பேட்டரி. குளிரில் பேட்டரியின் சக்தி குறையும் என்பது எல்லாருக்கும் தெரியும். உறைபனிக்குக் கீழே 18 டிகிரியில் அது பாதியளவுக்கு வந்துவிடும். 15 டிகிரியில் குறைவது சொற்பம். பேட்டரியின் ஆயுளைத் தின்பது வெயில். ஈப்போ வெயிலில் இஞ்சின் பக்கத்தில் வெந்து வெந்து அரை உயிராகிவிட்ட பேட்டரி, மலைக் காலையில் கைவிரிக்கிறது. அதோடு கறுத்துப்போன முனை, துருப்பிடித்த எர்த் வயர் இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எர்த் வயரை அவிழ்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கிக் கட்டியதும் ஓடத் தொடங்கிய வண்டிகளைப் பட்டறைக்காரர்கள் அத்தனை பேரும் பார்த்திருப்பீர்கள்.

மூன்றாவது ஹீட்டர் பிளக். லேண்ட் ரோவருக்கு டீசல் இஞ்சின் வந்தது 1957இல். 1961இல் அது 2.25 லிட்டராகப் பெரிதானது. நெருக்கம் 23க்கு ஒன்று. அப்படியிருந்தும் ஹீட்டர் பிளக் இல்லாமல் காலையில் அது கிளம்பாது. காரணம், அதில் டீசல் நேராகச் சிலிண்டரில் விழுவதில்லை. தலைப்பகுதியில் உள்ள ஒரு சிறு அறையில் விழுகிறது. அந்த அறையின் சுவர் சூட்டை உறிஞ்சிவிடுகிறது. அதனால் கிளப்புவதற்கு முன் பிளக்கின் கம்பிச்சுருளைப் பழுக்கக் காய்ச்சுகிறார்கள். பழைய மாதிரிகளில் நான்கு பிளக்கும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வரிசையில் இணைக்கப்பட்டிருக்கும். ஒன்று அறுந்தால் நான்கும் போச்சு.

பிரிஞ்சாங்கில் ஒரு காய்கறித் தோட்டத்தில் காலை ஐந்தரை மணிக்கு இந்த லேண்ட் ரோவரைக் கிளப்புகிற முறையைச் சொல்கிறேன். ஓட்டுநர் சாவியை ஹீட்டர் பக்கம் திருப்பிப் பிடிக்கிறார். டேஷ்போர்டில் ஒரு விளக்கு மங்கலாக எரிகிறது. அந்த விளக்கு பளிச்சென்று எரிந்தாலும் கோளாறு, எரியாமல் போனாலும் கோளாறு. அவசரப்படாமல் இருபது, முப்பது நொடி பிடிக்கிறார். ஆக்சிலேட்டரை அழுத்திக்கொண்டு, கிளட்சையும் மிதித்துக்கொண்டு ஸ்டார்ட்டருக்குத் திருப்புகிறார். கிளட்சை மிதிப்பது எதற்கென்றால், கியர்பாக்ஸில் இறுகியிருக்கும் எண்ணெயையும் சேர்த்துச் சுற்றுகிற வேலை மோட்டாருக்கு வராமலிருக்கத்தான். முதலில் ஒரு சிலிண்டர் தட்டுகிறது, பிறகு இன்னொன்று. பின்னால் வெள்ளைப் புகை. அது பற்றாத டீசலின் ஆவி. மூக்கில் ஏறினால் கண் எரியும். இரண்டு நிமிடத்தில் புகை மறைந்தால் இஞ்சின் சுகம். பத்து நிமிடமானாலும் ஒரு சிலிண்டர் வெள்ளையாகவே ஊதிக்கொண்டிருந்தால், ஒரு ஹீட்டர் பிளக்கோ, ஓர் இன்ஜெக்டரோ, ஒரு ரிங்கோ உங்களைக் கூப்பிடுகிறது என்று அர்த்தம்.

நம் தோட்டங்களின் கதைக்கு வருவோம். பால்மரம், அதாவது ரப்பர் மரம், விடியலுக்கு முன்பே வெட்டப்படுவது ஏன்? குளிர்ந்த வேளையில்தான் மரத்துக்குள் அழுத்தம் கூடி, பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் ஓட்டம் குறையும். ஆகவே ஆட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டு இருட்டில் நடந்தது. ஆட்களை வெளிக்காட்டில் இறக்கும் லோரியும் இருட்டிலேயே கிளம்ப வேண்டும். பாலுக்கு நல்ல நேரமாக இருப்பது டீசலுக்குக் கெட்ட நேரம். சுங்கை சிப்புட், கோலகங்சார், பீடோர் என்று எந்தத் தோட்டமானாலும், பழைய லோரியோடு மல்லுக்கட்டுவது ஓட்டுநரின் தலையெழுத்தாக இருந்தது. லோரி கிளம்பத் தாமதமானால் பிந்துவது ஒருவர் வேலை மட்டுமில்லை. மரம் வெட்டுகிற அத்தனை பேரின் அன்றைய பாலும்தான்.

அன்றைய ஆட்கள் கண்டுபிடித்த வழிகளில் சிறந்தது செலவில்லாதது: லோரியை மேட்டில், சரிவு பார்த்து நிறுத்துவது. காலையில் பிரேக்கை விட்டு, இரண்டாம் கியரில் உருட்டி, கிளட்சை விட்டால் லோரியின் எடையே செல்ஃப் மோட்டாராகிவிடும். பழைய லோரிகளின் டீசல் பம்பில் பக்கவாட்டில் ஒரு பொத்தான் உண்டு. கிளப்புவதற்கு முன் இறங்கிப்போய் அதை அழுத்தினால் வழக்கத்தைவிடக் கூடுதல் டீசல் போகும்; இஞ்சின் ஓடியதும் பொத்தான் தானே விடுபட்டுவிடும். பம்ப் எந்தப் பக்கம் இருக்கிறது என்றே பார்க்காத இளைஞர்களுக்கு இந்தப் பொத்தான் புதிய செய்தியாக இருக்கும். மின்சாரத்துக்காக ஓடிய லிஸ்டர் போன்ற சிறு இஞ்சின்களில் காற்றழுத்தத்தை விடுவிக்கும் ஒரு நெம்பு இருக்கும். அதைத் தூக்கிவிட்டு, கைப்பிடியால் வேகம் ஏறும்வரை சுற்றி, சட்டென்று நெம்பை விட்டால் சேர்த்துவைத்த வேகமே முதல் நெருக்கத்தைச் செய்துவிடும். இங்கிலாந்தின் ஃபீல்ட் மார்ஷல் டிராக்டரில் இதைவிட வேடிக்கை. வெடியுப்பில் ஊறவைத்த காகிதச் சுருளைக் கொளுத்தி, சிலிண்டர் தலைக்குள் திருகிவிட்டுத்தான் சுற்றுவார்கள். ஹீட்டர் பிளக் செய்வதைக் காகிதம் செய்தது. இந்த வழிகளுக்கெல்லாம் அடிப்படை ஒன்றே: ஒன்று வேகத்தைக் கூட்டு, அல்லது சூட்டைக் கூட்டு.

உண்மையான குளிர்நாடுகள் செய்வதும் இதுவே, கொஞ்சம் பெரிய அளவில். கனடாவிலும் பின்லாந்திலும் வண்டிக்கு இரவு முழுக்க மின்கம்பி கொடுத்து இஞ்சின் தண்ணீரைச் சூடாக வைக்கிறார்கள். சைபீரியாவில் கடுங்குளிர் மாதங்களில் பலர் இஞ்சினை நிறுத்துவதே இல்லை. அங்கெல்லாம் இன்னொரு பகைவன் உண்டு. அது டீசலே. டீசலில் மெழுகு இருக்கிறது. குளிர் கூடினால் அந்த மெழுகு முதலில் மேகம்போல் கலங்கும், பிறகு ஃபில்டரை அடைக்கும், கடைசியில் டீசல் கூழாகிவிடும். லடாக்கில் டேங்கின் அடியில் நெருப்பு மூட்டிச் சூடாக்குகிற ஆபத்தான பழக்கம் நெடுங்காலம் இருந்தது. 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம் லடாக்குக்கென்று குளிர்கால டீசலை அறிமுகப்படுத்தியது. உறைபனிக்குக் கீழே 33 டிகிரிவரை அது ஓடும் தன்மையை இழக்காது. ஆறு மாதம் பனியில் கிடக்கும் ஊருக்குச் சரக்கு போக அந்த ஒரு மாற்றம் பெரிய உதவி.

நமக்கு அந்தக் குளிர் இல்லை. டீசல் உறைவது நம் கவலையில்லை என்று நினைப்பீர்கள். இங்கேதான் நம் மண்ணின் கதை குறுக்கே வருகிறது. ரப்பர் தோட்டங்கள் போய்ச் செம்பனை வந்தது. தெலுக் இந்தான் பக்கத்து ஜெண்டராட்டா தோட்டம் 1906இல் ரப்பருக்காகத் தொடங்கியது. இன்று அது செம்பனைக்குப் பேர்போன தோட்டம். பால்மரம் வெட்டிய குடும்பங்களின் பிள்ளைகள் பலர் குலை அறுக்கவும் குலை ஏற்றவும் போனார்கள். அந்தச் செம்பனை எண்ணெய் இப்போது நம் லோரியின் டேங்குக்குள்ளும் வந்துவிட்டது.

தாவர எண்ணெயில் டீசல் இஞ்சின் ஓடும் என்பது பழைய சங்கதி. 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியிலேயே ஒரு சிறு டீசல் இஞ்சின் கடலை எண்ணெயில் ஓடியது. மலேசியாவில் 1980களில் செம்பனை எண்ணெயிலிருந்து எடுத்த டீசலை மெர்சிடிஸ் பென்ஸ் பேருந்துகளில் ஊற்றி நீண்ட தூரம் ஓட்டிச் சோதித்தார்கள். 2011இல் பெட்ரோல் பங்குகளில் விற்கும் டீசலோடு அதை 5 விழுக்காடு கலக்கத் தொடங்கினார்கள். அது 7 ஆயிற்று. 2019இல் 10 ஆயிற்று. ஆனால் ஒரு விலக்கு வைத்தார்கள். கேமரன் மலை, கெந்திங் மலை, சபாவின் குண்டாசாங் போன்ற மேட்டுப் பகுதிகளில் 7 விழுக்காட்டோடு நிறுத்திக்கொண்டார்கள்.

ஏன்? செம்பனை எண்ணெயில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் பால்மிட்டிக் அமிலம். அதன் மூலக்கூறுகள் வளைவில்லாத நீண்ட சங்கிலிகள், ஒன்றோடொன்று ஒட்டி அடுக்கிக்கொள்ளும், சீக்கிரம் கட்டியாகும். அதனால் கலப்பில்லாத செம்பனை டீசல் 15 டிகிரிவாக்கிலேயே கலங்கத் தொடங்கிவிடுகிறது. தானா ராத்தாவில் சமையலறை ஜன்னலோரம் நாள்கணக்கில் நிற்கும் எண்ணெய்ப் போத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அது இந்தக் குணத்தின் தம்பி. பத்தில் ஒரு பங்கு கலந்த டீசல் அப்படியே கட்டியாகிவிடாது. ஆனாலும் அதில் தங்கியிருக்கும் சில கொழுப்புத் துணுக்குகள் குளிர்ந்த இரவுகளில் மெல்லப் பிரிந்து ஃபில்டரில் சேரும். புதிய ஃபில்டருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. இரண்டு வருடமாக மாற்றாத ஃபில்டருக்கு அதுவே கழுத்துச் சுருக்கு. மலேசியப் பாமாயில் வாரியம் உறைபனிக்குக் கீழே 21 டிகிரியிலும் ஓடக்கூடிய குளிர்காலச் செம்பனை டீசலையும் உருவாக்கியிருக்கிறது. விரைவில் கட்டியாகும் பகுதியைப் பிரித்து எடுத்துவிடுவதுதான் அதன் சூட்சுமம். செலவு கூடுதல் என்பதால் அது வெளிநாட்டுக் குளிருக்கான சரக்கு.

ஆகவே ஈப்போவில் டேங்கை நிரப்பிக்கொண்டு மேலே போய் இரண்டு மூன்று இரவு தங்கும் பழைய லோரிக்காரர்களுக்கு ஓர் ஆலோசனை. மேலே போக எவ்வளவு டீசல் தேவையோ அவ்வளவு மட்டும் இங்கே போடுங்கள். மீதியை மலைப் பங்கில் நிரப்புங்கள். அங்கே இரவில் டேங்க் நிறைந்திருப்பது இன்னொரு விதத்திலும் நல்லது. பாதி டேங்கில் உள்ள ஈரக்காற்று குளிர்ந்தால் தண்ணீராகி அடியில் தங்கும். தண்ணீர் பிரிக்கும் கிண்ணத்தைக் காலையில் ஒரு தடவை திருகி, அடியில் தங்கியதை வடித்துவிடுங்கள்.

செய்யக் கூடாதவற்றையும் சொல்லியாக வேண்டும். ஒன்று, ஈதர் ஸ்பிரே. காற்று வடிகட்டியில் "புஸ்" என்று அடித்தால் எந்த இஞ்சினும் கிளம்பும். ஆனால் ஹீட்டர் பிளக் சூடாக இருக்கும் இஞ்சினில் அது பிஸ்டன் மேலே ஏறி வருவதற்கு முன்பே வெடித்துவிடும். ரிங் உடையும், பிஸ்டன் ஓட்டையாகும். ஹீட்டர் பிளக் இல்லாத இஞ்சினில்கூடத் தினமும் அடித்தால் ரிங் கெட்டு, பிறகு ஸ்பிரே இல்லாமல் கிளம்பவே கிளம்பாது என்ற நிலை வந்துவிடும். இரண்டு, நெருப்பு. எண்ணெய்த் தொட்டிக்கும் டீசல் டேங்குக்கும் அடியில் தீ மூட்டுவதை வீரமாகச் சொல்கிறவர்கள் உண்டு. எரிந்துபோன லோரிகளின் சொந்தக்காரர்கள் அப்படிச் சொல்வதில்லை. மூன்று, விடாமல் சுற்றுவது. பத்துப் பதினைந்து நொடிக்கு மேல் சுற்றாதீர்கள். ஒரு நிமிடம் ஓய்வு கொடுங்கள். ஸ்டார்ட்டர் வெந்துபோனால் குளிருக்குத் தப்பிய லோரி பட்டறைக்குப் போய்விடும். நான்கு, கிளம்பியதும் உறுமவிடுவது. எண்ணெய் மேலே ஏறுவதற்குள் மிதித்தால், ஒரு மாதத் தேய்மானத்தை ஒரே காலையில் செய்துவிடுவீர்கள்.

செய்ய வேண்டியது அதைவிடக் குறைவு. கம்ப்ரஷன் மீட்டர் வைத்து நான்கு அல்லது ஆறு சிலிண்டரையும் பாருங்கள். இந்த வகை இஞ்சின்களில் பொதுவாகச் சதுர அங்குலத்துக்கு 400 பவுண்டுவாக்கில் இருந்தால் நல்லது. 300க்குக் கீழே போனாலோ ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் இருந்தாலோ அந்த இஞ்சினைத் திறந்துதான் ஆக வேண்டும். ஹீட்டர் பிளக்கை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோதியுங்கள். டீசல் ஃபில்டரையும் எண்ணெயையும் மாற்றுங்கள். எர்த் வயரைச் சுரண்டுங்கள். அடுத்த தடவை மலையேறுவதற்கு முன், ஆண்டுக்கடைசி மழை தொடங்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கு ஒதுக்குங்கள். பக்கத்தில் ஒரு பையனை நிறுத்திச் செய்யுங்கள். பம்பின் பொத்தானையும் அவனுக்குக் காட்டுங்கள்.

மலையில் 15 டிகிரி என்பது டீசல் இஞ்சினுக்குக் குளிரே அல்ல. அந்தப் 15 டிகிரியில் உங்கள் லோரி கிளம்பவில்லை என்றால் அதற்கு வேண்டியது வெயில் அல்ல, வைத்தியம். அதைக் கீழேயே, ஈப்போவிலேயே, சௌகரியமாகச் செய்துகொள்ளுங்கள்.